வயது நூறு, வகுப்பு பதினொன்று: சாகா வரம் பெற்ற பாத்திரங்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளையோர் நாவல்களில் ஒரு வகை நாயகன் உண்டு. முகத்துக்கு வயது 17. பிறந்தது விக்டோரியா மகாராணி காலமான வருடம், அல்லது அதற்கும் முன்னால். போர், கொள்ளைநோய், பஞ்சம் எல்லாம் பார்த்தவன் என்று பில்டப் கொடுத்துத்தான் கூட்டி வருவார்கள். நாலாவது அத்தியாயத்தில் நாயகி வேறொரு பையனோடு சிரித்துப் பேசிவிட்டாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரை விருட்டென்று கிளப்பிப் போய்விடுவான். படிப்பவருக்கு ஒன்று தோன்றும்: இத்தனை வருஷமாக இவன் என்னதான் செய்துகொண்டிருந்தான்?

அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் கதையைப் பழையபடி நிமிர்த்துவது கஷ்டம். ரத்தம் குடித்து வாழும் வாம்பயர், தேவதை, சாபம் வாங்கியவன், நம் ஊர் யட்சி, எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான். தமிழிலும் இணையத் தொடர்களில் இப்படிப்பட்டவர்கள் உலவத் தொடங்கிவிட்டதால், எங்கெங்கே சறுக்குகிறது என்று பார்க்கலாம். உதாரணத்துக்கு எடுத்திருக்கும் நாவல்களின் திருப்பங்கள் இதில் வெளிப்படும். படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளவும்.

வயதை அறிமுகத்தோடு விட்டுவிடுவது

இதுதான் அடிக்கடி நடப்பது. பாத்திரத்துக்கு முந்நூறு வயது என்று முதல் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, பிறகு அந்த முந்நூறை ஆசிரியரே மறந்துவிடுவார். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. உங்கள் கதையில் அவன் எடுக்கும் ஐந்தாறு முக்கியமான முடிவுகளை எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு வயது 19 என்று மாற்றிப் படியுங்கள். ஒரு முடிவுகூட மாறவில்லை என்றால், முந்நூறு என்பது அவன் கண் நிறம் மாதிரி ஒரு அலங்காரம். வயதைத் தூக்கிவிட்டு எழுதுங்கள், கதை இன்னும் வேகமாக ஓடும்.

மனசுக்கும் வயதாகுமா என்று முடிவு செய்யாமல் தொடங்குவது

உடல் 17-ல் நின்றுவிட்டது, சரி. மனசு? மற்ற தவறுகள் பலவும் இந்த ஒரு கேள்வியைத் தள்ளிப்போடுவதால் வருபவை என்பது என் எண்ணம்.

ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் நாவல் 2005-ல் வந்தது. எட்வர்ட் கல்லன் 1901-ல் பிறந்தவன். 1918-ல் சிகாகோவில் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது கார்லைல் என்ற மருத்துவர் அவனை வாம்பயராக மாற்றினார். கதை நடக்கும்போது நூறைத் தாண்டிவிட்டான், ஆனால் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அந்த உலகத்தின் விதியை நான்காம் நாவலான 'பிரேக்கிங் டான்' (2008) பச்சைக் குழந்தைகளை வைத்துச் சொல்கிறது. மிகச் சிறு குழந்தையை வாம்பயர் ஆக்கினால் அதன் அறிவும் அந்த இடத்திலேயே நின்றுவிடும், எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது. இரண்டு வயதுக் குழந்தை அடம்பிடித்தால் பாதி ஊர் காலி. அதனால்தான் அப்படி மாற்றுவதே அங்கே மரண தண்டனைக்குரிய குற்றம்.

ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் த வாம்பயர்' (1976) இதற்கு நேர் எதிர். அது இளையோருக்கான நாவல் கிடையாது, ஆனாலும் இந்தப் பேச்சில் அதைத் தாண்டிப் போக முடியாது. கிளாடியா என்ற சிறுமியை ஐந்து வயதில் வாம்பயராக மாற்றிவிடுகிறார்கள். உடல் அங்கேயே நிற்க, மனசு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. பல பத்தாண்டுகள் கழித்தும் அவளுக்குப் பொம்மையும் பட்டுச் சட்டையும் வாங்கித் தருகிறார்கள். உள்ளே இருப்பதோ வளர்ந்த பெண். தனக்கென்று ஒரு துணையை வாம்பயராக மாற்றிக்கொள்ளக்கூட அவளால் ஆகாது, தன்னை வளர்க்கும் வாம்பயரான லூயியிடம் மன்றாட வேண்டியிருக்கிறது. அவளுடைய கோபம் முழுக்க அந்த இடைவெளியிலிருந்துதான் பொங்குகிறது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. ஜே. எம். பாரியின் பீட்டர் பேன் (நாவலாக 1911) வளராததற்குக் காரணம் அவன் மறந்துவிடுகிறான் என்பது. தன் கையால் தோற்கடித்த கடற்கொள்ளைத் தலைவன் ஹூக்கை அடுத்த முறை தோழி வெண்டி நினைவூட்டும்போது, அது யார் என்று கேட்கிறான். கூடவே இருந்த தேவதை டிங்கர் பெல்லையும் நினைவில்லை. அனுபவம் தங்காத இடத்தில் பக்குவம் எப்படி வரும்? எத்தனை வருஷம் போனாலும் அவன் சிறுவனாகவே இருப்பதை நாம் சந்தேகிப்பதே இல்லை.

மூன்றும் மூன்று விதி. எதைப் பிடித்தாலும் நல்ல கதை எழுதலாம். எழுதவே முடியாதது, இரண்டு விதிகளை வசதிப்படி மாற்றி மாற்றிப் பிடிப்பது.

ட்விலைட் வரிசையின் இரண்டாம் நாவலான 'நியூ மூன்' (2006) நூலில் வரும் ஒரு போன் காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எட்வர்டின் காதலி பெல்லா பாறை முகட்டிலிருந்து கடலில் குதிக்கிறாள். எட்வர்டின் குடும்பத்தில் எதிர்காலத்தைப் பார்க்கும் சக்தி உள்ள ஆலிஸின் தரிசனத்தில் அவள் குதித்தது தெரிந்தது, பிழைத்தது தெரியவில்லை. செய்தி அதே குடும்பத்து ரோசலி வழியாக எட்வர்டுக்குப் போய்விடுகிறது. அவன் பெல்லா வீட்டுக்கு போன் போடுகிறான். எடுத்த அவள் நண்பன் ஜேக்கப், பெல்லாவின் அப்பா இறுதிச் சடங்கில் இருக்கிறார் என்கிறான். சடங்கு வேறொருவருக்கு. எட்வர்ட் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாம்பயர்களின் அரசவையிடம் சாவை யாசித்து இத்தாலியின் வோல்டெராவுக்குக் கிளம்பிவிடுகிறான். நம் ஊரில் அறுபது வயதுப் பெரியவர்கூட, யார் போனது, எப்போது, எப்படி என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் துக்க வீட்டுக்குச் சட்டையை மாட்டுவார்.

மனம் 17-லேயே உறைந்துவிட்டது என்ற விதிப்படி இதில் பிழையே இல்லை. நிதானத்துக்கும் பின்விளைவை எடைபோடுவதற்கும் பெரிதும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கும் என்பது நரம்பியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அந்த மூளை அப்படியே நின்றுபோனவன் இப்படித்தான் ஓடுவான். ஆனால் அதே நாவலின் தொடக்கத்தில், உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்கிற தோரணையில் பெல்லாவைக் காட்டில் விட்டுவிட்டுப் போனவனும் இவன்தான். அங்கே அவனுக்கு நூறு வயது ஞானியின் அதிகாரம் வேண்டியிருக்கிறது. அவசரத்துக்கு மன்னிப்புக் கேட்கும்போது 17, அடுத்தவள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும்போது 100. கடைக்காரர் வரி அதிகாரிக்கு ஒரு நோட்டும் தனக்கு ஒரு நோட்டும் வைத்திருப்பதைப் போன்ற கணக்கு இது. பலருக்கு எட்வர்ட் மேல் வரும் எரிச்சலின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். அவன் சிறுபிள்ளைத்தனமாக நடப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

மேயர் நன்றாகச் செய்த இடங்களும் இருக்கின்றன. மாற்றப்பட்டுச் சுமார் பத்து வருடம் கழித்து எட்வர்ட் கார்லைலோடு முறுக்கிக்கொண்டு வெளியேறுகிறான். மனங்களைப் படிக்கும் சக்தியை வைத்துக் கொலைகாரர்களாகத் தேடிக் கொல்கிறான். சில வருடங்களில் தாங்க முடியாமல் திரும்பி வருகிறான். விடலைப் பருவத்துக் கலகம், கொஞ்சம் தாமதமாக! 'எக்லிப்ஸ்' (2007) நாவலில் கல்யாணம் முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று அவன் பிடிவாதமாக நிற்பதும், அம்மாவின் மோதிரத்தை நீட்டுவதும் 1918-ல் நின்றுபோன ஒருவனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அங்கே வயது ஒரு முடிவைத் தீர்மானிக்கிறது.

வருஷம் போனாலே பக்குவம் வந்துவிடும் என்று நம்புவது

மேலே சொன்ன தவறைச் சரிசெய்யப் போய் சிலர் இந்தப் பக்கம் விழுவார்கள். முந்நூறு வயதா, அப்படியானால் முனிவர். எதற்கும் புன்னகை, எல்லாவற்றுக்கும் ஒரு பொன்மொழி. படிக்கிறவருக்குக் கொட்டாவி.

நம் வீடுகளிலேயே பார்க்கிறோமே. எண்பது வயதிலும் 1974-ல் நடந்த பாகப்பிரிவினையை நேற்று நடந்ததுபோலப் பேசும் தாத்தாக்கள் இல்லையா? காலம் ஒருவரைக் கனியவும் வைக்கும், இறுகவும் வைக்கும். அதே ட்விலைட் உலகில் அந்த வோல்டெரா அரசவையின் தலைவர்களில் ஒருவரான ஆரோ என்பவர் ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்தவர். அத்தனை காலமும் அபூர்வ சக்தி உள்ளவர்களைத் தபால்தலை மாதிரிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார், பேராசை ஒரு துளி குறையவில்லை. கார்லைல் 1640-களில் லண்டனில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். மனித ரத்த வாடையில் நின்று அறுவை சிகிச்சை செய்யும் கட்டுப்பாடு கைகூட அவருக்கு இரண்டு நூற்றாண்டு பிடித்ததாகக் கதை சொல்கிறது. அந்த வரிசையில் வயதுக்கேற்ற பாத்திரமாக எனக்குப் படுபவர் அவர்தான். இருநூறு வருடத்தில் என்ன உழைப்பு நடந்தது என்று நமக்குக் காட்டப்படுகிறது. உங்கள் பாத்திரம் பக்குவமானவர் என்றால், எதில் விழுந்து எதில் எழுந்து அந்தப் பக்குவம் வந்தது என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

செந்தமிழில் பேசவைப்பது

'யாம் அறிவோம் பெண்ணே' என்று பேசினால் வயது வந்துவிடாது. நாடகக் கம்பெனி வாடைதான் வரும். ஒவ்வொரு பத்தாண்டிலும் மனிதர்களோடு கலந்து மறைந்து வாழ்பவன் அந்தந்தக் காலத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டே வந்திருப்பான். காட்டிக்கொடுப்பது சின்னச் சின்ன மிச்சங்கள்தான். இந்தியாவில் 1957 ஏப்ரலில் புதுப் பைசா வந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் 25 பைசாவை நாலணா என்றே சொன்னோம், அணாவைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் உட்பட. இப்படி ஒன்று, ஒரு அத்தியாயத்தில் ஒரே ஒரு முறை வாய் தவறி வந்தால் போதும்.

பேச்சில் வயதைக் காட்டுவதற்கு நாவல் மரத்தடிக் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. மரத்தின் மேல் மாடு மேய்க்கும் சிறுவன். கீழே களைத்துப்போன ஔவை. சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்கிறான். அவளுக்கு அது பிள்ளை விளையாட்டாகப் படுகிறது. விழுந்த பழத்தை எடுத்து ஒட்டிய மண்ணை ஊதுகிறாள். என்ன பாட்டி, பழம் சுடுகிறதா? அவ்வளவுதான். தான் யாரென்று முருகன் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இலக்கணமாகவும் பேசவில்லை. அவளே ஊதட்டும் என்று காத்திருந்த அந்தப் பொறுமையில்தான் வயது தெரிகிறது. உங்கள் நாயகன் தன் வயதைச் சொல்லத் துடிக்கிறானா, சொல்லாமல் இருக்கத் தெரிந்தவனா?

காதலில் இருக்கும் ஏற்றத்தாழ்வை யாருமே கவனிக்காதது

நூறு வருட அனுபவம், பணம், பலம், சாகாத உடம்பு ஒரு பக்கம். பள்ளிப் பிள்ளை மறுபக்கம். அவள் தூங்குவதை அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் நின்று பார்ப்பதைக் காதல் என்று எழுதினால், இன்றைய வாசகர் காவல் நிலையத்துக்கு போன் போடச் சொல்வார். தப்பே இல்லை.

இந்த வகைக் காதலை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதைக்குள்ளேயே யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்: இத்தனை வயதானவனுக்கு இவளிடம் என்ன கிடைக்கிறது? ட்விலைட்டில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. எல்லார் மனதையும் படிக்கிறவனுக்கு இவள் மனம் மட்டும் கேட்பதில்லை. எதுவுமே புதிதாகக் கேட்காத ஒருவனுக்கு அந்த மௌனம் பெரிய ஈர்ப்பு. ஏற்கத்தக்க காரணம்தான். பள்ளியில் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கும் காரணம் உண்டு: சின்ன வயதாக நடித்துத் தொடங்கினால் ஒரே ஊரில் அதிக வருஷம் ஓட்டலாம். காரணம் இருந்தாலும் கேள்வி தீர்ந்துவிடாது. கேட்க ஒரு தோழியோ அக்காவோ கதையில் இருந்தால் ஆசிரியர் பிழைப்பார்.

மற்றவர்கள் செத்துப்போவதை மறந்துவிடுவது

நாட்டலி பாபிட்டின் 'டக் எவர்லாஸ்டிங்' (1975) சின்னப் புத்தகம், பத்து வயதுப் பிள்ளையும் படிக்கலாம். ஒரு குடும்பமே தெரியாமல் ஒரு ஊற்றுத் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. சாகாமை என்ன செய்யும் என்பதற்கு நாலு பேரும் நாலு பதில். இளையவன் ஜெஸ்ஸிக்கு 104 வயது, பார்வைக்கு 17. அவனுக்கு இன்னும் எல்லாம் திருவிழாதான். மூத்தவன் மைல்ஸுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தன. புருஷனுக்கு வயதே ஏறாததைப் பார்த்த மனைவி, ஆன்மாவைப் பேயிடம் விற்றுவிட்டான் என்று முடிவுகட்டிப் பிள்ளைகளோடு போய்விட்டாள். இரண்டு சகோதரர்கள், ஒரே தண்ணீர், ஏறக்குறைய ஒரே நீளமான வாழ்க்கை. ஒருவனிடமிருந்து ஏதோ பிடுங்கப்பட்டது, மற்றவனிடமிருந்து இல்லை. மைல்ஸ் ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று தவிப்பதும், ஜெஸ்ஸி பத்து வயது வின்னியிடம் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, 17 வயதானதும் குடித்துவிட்டு வா, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சொல்வதும் அங்கிருந்துதான் வருகின்றன. வின்னி அதைக் குடிக்கவில்லை, ஒரு தேரை மேல் ஊற்றிவிடுகிறாள். பாபிட் ஜெஸ்ஸியை ஞானியாக்க முயலவே இல்லை. அதனால்தான் அவன் நம்பும்படி இருக்கிறான்.

இன்னொன்று: துக்கம் முந்நூறு வருஷம் ஒரே சூட்டில் எரியாது. முகங்கள் மங்கும். முதல் மனைவியின் பெயர் நினைவிருக்கும், குரல் நினைவிருக்காது. 1743-ல் இறந்த தங்கையை நினைத்துத் தினமும் ஜன்னலோரம் நிற்பவனைவிட, அவள் ஜாடை மறந்துபோனதைத் திடீரென்று உணர்கிறவனை நம்புவது சுலபம்.

காகிதமும் காசும்

இதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆதார், பான், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம். சாகாதவனுக்கு இருபது வருடத்துக்கு ஒரு முறை இதெல்லாம் புதிதாக வேண்டும். ஒரு பத்தி போதும், ஆனால் அந்த ஒரு பத்தி இருக்க வேண்டும்.

வரலாற்றை ஆல்பமாக்குவது

நெப்போலியனோடு விருந்து, மொசார்ட்டிடம் பியானோ, டைட்டானிக்கில் ஒரு டிக்கெட். ஒருவனே எல்லா இடத்திலும் எப்படி இருந்தான்? வரலாற்றில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் வரலாற்றைப் பார்க்கவில்லை. விலை ஏறியதைப் பார்த்தார்கள், மழை பொய்த்ததைப் பார்த்தார்கள். 1914-ல் தொடங்கிய போரை 'முதல்' உலகப் போர் என்று அப்போது பெரும்பாலும் யாரும் எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, இரண்டாவது ஒன்று வரும் என்று தெரியாதே.

நம் ஊர்ப் பாத்திரம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சம். முத்தம்மா என்று ஒரு பெண், 17 வயது. பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து பக்கிங்காம் கால்வாயை வெட்டியபோது மண் சுமந்தவள். அங்கே அவளுக்குச் சாகாமை வந்து சேர்கிறது, எப்படி என்பது உங்கள் பாடு. இன்று அவள் பெயர் முத்து, கல்லூரி மாணவி. தோழியோடு பறக்கும் ரயிலில் திருமயிலையிலிருந்து மந்தைவெளி போகிறாள். பாதைக்குக் கீழே அதே கால்வாய், கறுப்பாக.

முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்: முத்து ஜன்னல் வழியே வெறித்தாள். கண்ணில் நீர் திரண்டது. "இந்தக் கால்வாயின் ஒவ்வொரு அடியிலும் ஏழைகளின் வியர்வை இருக்கிறது, தெரியுமா? ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியம்!" என்று தொடங்கி அரைப் பக்கம். தகவல் சரிதான். நிவாரணக் கூலியை ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் அந்த அளவுக்குத்தான் வெட்டினார், அதோடு ஓர் அணா. ஆனால் பேசுவது முத்தம்மா இல்லை, பாடப்புத்தகம்.

இப்படி எழுதிப் பார்க்கலாம்:

தோழி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ச்சீ, என்ன நாத்தம்டி. அந்தக் காலத்துல இதுல படகு ஓடுச்சாம், தண்ணி அவ்ளோ நல்லா இருக்குமாம்."

"அப்பவும் நாத்தம்தான்," என்றாள் முத்து, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டி சொல்லும். நீ மந்தைவெளியில இறங்கணுமா, இல்ல அடுத்ததா?"

கண்ணீர் இல்லை, கூலிக் கணக்கு இல்லை. ஊரே ஏங்கும் 'அந்தக் காலத்தை' அவள் ஏங்கவில்லை, ஏனென்றால் அங்கே இருந்திருக்கிறாள். பாட்டி என்ற பொய் யோசிக்காமல் வருகிறது, பல தலைமுறைத் தோழிகளிடம் சொல்லிப் பழகிய பொய். இந்தக் காட்சியில் அவளை 19 வயதாக்கிப் பாருங்கள், அந்த முதல் பதிலே வராது. அடுத்த அத்தியாயத்தில் அவள் விடுதி மெஸ்ஸில் வரிசையில் நிற்க மறுத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசி ஆளாகப் போய்த் தட்டை நீட்டுகிறாள் என்று வையுங்கள். ஏன் என்று அங்கே விளக்கி எழுத வேண்டாம். கேட்கிற தோழிக்கும் பசிக்கவில்லை என்றே அவள் சொல்லட்டும்.